விற்கும் முன் அடுப்படிக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்கப் போகிறவர்கள் பலர் அடுப்படி கேபினட்டை மொத்தமாகப் பெயர்த்தெடுக்கிறார்கள். தேவையில்லை. உள்கூடு உறுதியாக இருந்தால் கதவுகளை மட்டும் மாற்றலாம், அல்லது பழைய கதவிலேயே வினைல் ஒட்டலாம். கைப்பிடி, மெதுவாக மூடும் கீல், மேல் கேபினட்டுக்கு அடியில் ஒரு எல்இடி பட்டை. போதும்.

ஆனால் முதலில் சிங்க்குக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். குழாய் கசிந்தால் கேபினட்டின் சிப்போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை), தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஊறிவிடும். வீடு பார்க்க வரும் அத்தைமார் நேராக அந்தக் கதவைத்தான் திறப்பார்கள்! கசிவைச் சரிசெய்து, அந்த ஒரு பெட்டியை மட்டும் பிளைவுட்டில் புதிதாகப் போடுங்கள். ஊறிய பலகைமேல் வினைல் ஒட்டுவது தண்டம்.

இதனால் வீட்டின் அதிகாரபூர்வ மதிப்பீடு எகிறும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். இடம், மாடி, பரப்பளவு, மீதமுள்ள குத்தகைக் காலம் இவைதான் அதில் பெரிது. 2014 மார்ச்சிலிருந்து விலை பேசி முடித்த பிறகே மதிப்பீடு. பேசிய விலை மதிப்பீட்டுக்கு மேல் போனால், அந்தக் கூடுதல் தொகைக்கு மசேநியும் (மத்திய சேமநிதி) வீட்டுக் கடனும் கிடையாது, வாங்குபவர் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். பளிச்சென்ற அடுப்படி அந்தப் பேரத்தில்தான் கொஞ்சம் கைகொடுக்கும்.

அப்புறம், கழற்றிய கதவுகளை ஒப்பந்தக்காரரே எடுத்துப்போக வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள்.