விர்ச்சுவல் மெஷினுக்குள் ஒரு பிளாப்பி டிரைவ்

பெங்களூரு மாரத்தஹள்ளியில் எங்கள் டீமுக்குப் புதிதாக வரும் தம்பிகள் எல்லாரும் கேட்பது இது: "அண்ணா, சந்தேகமான ஃபைலை விர்ச்சுவல் மெஷினில் திறந்தால் ஒன்றும் ஆகாதுதானே?"

பெரும்பாலும் ஆகாது. விர்ச்சுவல் மெஷின் என்பது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி; உள்ளே நடப்பது வெளியே வராமல் பிரித்து வைக்கும். அதற்குப் பின்னால் உள்ள உழைப்பு எனக்கு இன்றும் பிரமிப்புதான். 1960களிலேயே ஐபிஎம் ஒரே கணினியைப் பல கணினிகளாக இயக்கிக் காட்டியது. நம் பிசிக்களில் இருக்கும் எக்ஸ்86 வகைச் சிப்பில் அது லேசில் நடக்கவில்லை. சில கட்டளைகள், அதிகாரம் இல்லாத நிலையில் ஓடினாலும் நிற்காது. சத்தமில்லாமல் வேறு விதமாக வேலை செய்யும். விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்குத் தெரியவே தெரியாது. 1999இல் விஎம்வேர் நிறுவனம் அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. என்ன ஒரு மூளை! 2005இல் இன்டெல் சிப்பிலேயே விர்ச்சுவல் மெஷினுக்கான வசதி வந்துவிட்டது.

அப்புறம் 2015இல் வெனம் (VENOM) என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் க்யூஎம்யூ (QEMU) மென்பொருளில் 2004 முதல் கிடந்த பிழை. இருந்த இடம், யாருமே சீண்டாத பழைய பிளாப்பி டிரைவுக்கான நிரல். உள்ளே இருப்பவர் அதன் வழியே வெளியேறி ஹோஸ்ட்டையே, அதாவது வெளியே இருக்கும் நிஜக் கணினியையே, பிடிக்கலாம். பிளாப்பியை நீக்கினாலும் அந்த நிரல் விழித்தே இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

அதனால் தம்பிகளே, ஷேர்டு ஃபோல்டர், கிளிப்போர்டு, நெட்வொர்க் எல்லாவற்றையும் துண்டியுங்கள். ஹைப்பர்வைசரை அப்டேட் செய்யுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட்டை எடுத்த பிறகு ஃபைலைத் திறங்கள்.