கேமராவைக் கடைசியில் வாங்கலாம்

நீருக்கடியில் படம் எடுப்பதைத் தொழிலாக்கிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கேமரா நல்லது?" என்றுதான். நீச்சல் வருமா என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் மாறிவிடும். இந்த வேலைக்கு வாசல் கேமரா கடை இல்லை, முதுகில் காற்று டேங்கோடு மூழ்கும் ஸ்கூபா டைவிங்குக்கான தேர்வு.

நான் படித்தது பாடி என்கிற பன்னாட்டு அமைப்பின் பாடத்திட்டம். எஸ்.எஸ்.ஐ. என்ற இன்னொரு பயிற்சி அமைப்பின் வழியாகவும் வரலாம், பெரிய வித்தியாசம் இல்லை. முதல் படி ஓபன் வாட்டர் என்ற சான்றிதழ். 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். நேரக் கணக்கு கிடையாது, மெதுவாகவே போகலாம். பிறகு 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, காதுப் பிரச்சினை இருந்தால் மறைக்காதீர்கள். டாக்டரிடம் கையெழுத்து வாங்க ஒரு நாள் போனால் போகட்டும்.

எழுத்துத் தேர்வில் 50 கேள்விகள், தேற 75 சதவீதம். பள்ளி இயற்பியல் ஞாபகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆகவே 20 மீட்டரில் மேற்பரப்பைப் போல மூன்று மடங்கு. அங்கே 6 லிட்டர் காற்று பிடித்துக் கட்டிய பலூன் மேலே வரும்போது 18 லிட்டர் ஆகும். இந்த மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள், ஆனால் விடையோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பலூனின் இடத்தில் உங்கள் நுரையீரலை வைத்து யோசித்தால், 'ஒருபோதும் மூச்சை அடக்காதே' என்ற முதல் விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.

படம் எடுப்பவர்கள் இடறுவதும் இங்கேதான். நிலத்தில் ஷட்டரை அழுத்தும்போது கை ஆடாமலிருக்க மூச்சை நிறுத்திப் பழகியிருப்போம். நீருக்குள் அந்தப் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். மூச்சை இழுத்தால் உடல் ஓரிரு நொடி கழித்து மேலே எழும், விட்டால் இறங்கும். அந்தத் தாமதத்தைத் தெரிந்துகொண்டு, நிதானமாக மூச்சை விட்டுக்கொண்டே அழுத்தப் பழக வேண்டும். அதற்கு முதலில் ஒரே மட்டத்தில் அசையாமல் மிதக்கத் தெரிய வேண்டும். டைவர்கள் 'பயன்சி' என்று மூச்சுக்கு மூச்சு சொல்வது இதைத்தான். இது கைவராதவர் காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸால் மணலைக் கிளப்புவார், ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு அந்தத் துகளெல்லாம் படத்தில் பனி கொட்டியது போல விழும். இல்லையென்றால் பவளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பவளப்பாறைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை.

நீச்சல் குளப் பயிற்சியில் பலரையும் கலங்க வைப்பது முகத்து மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ரெகுலேட்டரில், அதாவது டேங்க் காற்றை வாய்க்குத் தரும் கருவியில், மூச்சு விடுவது. மூக்கில் தண்ணீர் பட்டதும் உடம்பு பதறும். வீட்டிலேயே வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து, ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக்குழாய் வழியாக வாயால் மூச்சுவிட்டுப் பழகுங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். மாஸ்க்கைத் திரும்ப மாட்டியதும் மேல் விளிம்பை அழுத்தி, அண்ணாந்து பார்த்தபடி மூக்கால் ஊதினால் தண்ணீர் தானாக வெளியேறிவிடும்.

ஓபன் வாட்டர் சான்றிதழோடு 18 மீட்டர் வரை போகலாம், அடுத்த படியான அட்வான்ஸ்டில் 30 மீட்டர். அதில் ஐந்து டைவ். ஆழம், திசையறிதல் இரண்டும் கட்டாயம், மற்ற மூன்றும் நம் விருப்பம். எல்லோரும் போட்டோகிராஃபியைத்தான் முதலில் டிக் செய்வார்கள். பயன்சியை எடுங்கள், போட்டோவை அதற்குப் பிறகு வையுங்கள்.

அந்தமானில் படிக்கிறவர்களுக்கு ஒன்று: சீசன் அக்டோபர் முதல் மே வரை. பல டைவ் முடித்தபின் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேர்விலும் கேட்பார்கள், டிக்கெட் போடும்போதும் உதவும்.

கேமரா விஷயத்துக்கு வருவோம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீட்டர் இறங்கியதுமே சிவப்பு மீன் பழுப்பாகத் தெரியும். ஸ்ட்ரோப் எனப்படும் ஃபிளாஷ்தான் நிறத்தை மீட்கும், அதுவும் கிட்டே போனால்தான். ஒரு மீட்டருக்குள் நின்று எடுங்கள். ஸ்ட்ரோப்களை லென்ஸை ஒட்டி வைக்காமல் இரு பக்கமும் விரித்து, சற்று வெளிப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். கேமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டியான ஹவுசிங்கை மூடும் முன், அதன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் கடல் உள்ளே வந்துவிடும், லட்ச ரூபாய் கேமரா என்று பார்க்காது.

வருமானம் வேண்டுமென்றால், மற்ற டைவர்களை நீருக்குள் வழிநடத்தும் தகுதியான டைவ்மாஸ்டர் வரை படித்துவிடுவது நல்லது. 40 டைவ் இருந்தால் பயிற்சியில் சேரலாம், சான்றிதழ் வாங்க 60 வேண்டும். அதில் ஒரு சோதனை: நீருக்கடியில் இருவர் ஒரே ரெகுலேட்டரில் மாறி மாறி மூச்சு விட்டுக்கொண்டே, மாஸ்க், ஃபின்ஸ், டேங்க் பூட்டிய ஜாக்கெட் எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். அதில் பதறாதவர் எந்தப் படப்பிடிப்பிலும் பதற மாட்டார். ஆரம்பத்தில் சோறு போடுவது சுற்றுலாப் பயணிகளைப் படமெடுக்கும் டைவ் சென்டர் வேலைதான். பத்திரிகை, ஆவணப்படமெல்லாம் பின்னால்.

கடல் உயிரியல் கொஞ்சம் படித்திருந்தால் இன்னொரு கதவும் திறக்கும். பவளப்பாறை ஆய்வுகளில் கடல்தரையில் சதுரச் சட்டத்தை வைத்து, ஒரே கோணத்தில், ஒரே உயரத்தில் வரிசையாகப் படமெடுப்பார்கள். அழகுக்கு அங்கே மதிப்பெண் இல்லை, துல்லியத்துக்குத்தான். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிப் படமெடுக்க நினைத்தால், படகு பேசும் முன்னால் வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.