கடைசிப் பக்கத்து ஏழு கணக்குகள்

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, விடுதிச் சாப்பாடு பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள், என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். எனக்கு எழுத வேண்டும் என்று இருப்பது ஒரே ஒரு பாடவேளையைப் பற்றித்தான். 1994ஆம் ஆண்டின் தொடக்கம், நாங்கள் பத்தாம் வகுப்பு. சமூகக்கல்வி ரீச்சர் வராத ஒரு நாள் கணித ரீச்சர் அவருக்குப் பதிலாக வந்தார்.

பாடம் ஒன்றும் எடுக்கவில்லை. கரும்பலகையில் 7 என்று எழுதினார். "இரட்டை எண்ணெண்டால் பாதியாக்குங்கோ. ஒற்றை எண்ணெண்டால் மூண்டால பெருக்கி ஒண்டைக் கூட்டுங்கோ. வாற விடைக்கும் திரும்ப அதையே செய்யுங்கோ" என்றார். 22, 11, 34, 17, 52 என்று நாங்கள் கத்தக் கத்த அவர் எழுதிக்கொண்டே போனார். 16ஆவது படியில் 1 வந்தது. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு எண் சொன்னோம், 12, 9, 19, எல்லாம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் 1இலேயே வந்து விழுந்தன. அப்புறம் வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எந்த எண்ணை எடுத்தாலும் 1இலதான் முடியுமோ எண்டு எனக்குத் தெரியாது பிள்ளையள். எனக்கு மட்டுமில்லை, உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது."

இதைப் படிக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. எங்களுக்குக் கணிதம் என்றால் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருக்கும் பாடம். விடை பிழைத்தால் நாங்கள் பிழை, அவ்வளவுதான். கூட்டலும் பெருக்கலும் தெரிந்த ஒரு குழந்தைக்கே விளங்கக்கூடிய கேள்விக்கு, பெரிய பல்கலைக்கழகங்களில் இருக்கிறவர்களுக்கும் விடை தெரியாது என்று அன்றைக்கு முன்பு யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

வீட்டுவேலையாக 27ஐத் தந்தார். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, கொப்பித் தாளும் இலேசில் கிடைக்காது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்துக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் அந்த விளக்கை அம்மாவும் தங்கச்சியும் நானும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அம்மப்பாவின் பழைய கணக்குப் புத்தகத்தில் எழுதாமல் இருந்த பக்கங்களில் செய்தேன். 27 சின்ன எண்தானே, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அது நூறைத் தாண்டுகிறது, இறங்குகிறது, திரும்பவும் ஏறுகிறது, ஆயிரத்தைத் தாண்டுகிறது, திரும்ப 167க்கு வந்து, பிறகு ஏறிக்கொண்டே போய் 77ஆவது படியில் 9232இல் நிற்கிறது. எங்கேயோ பிழை விட்டுவிட்டேன் என்று முதலிலிருந்து இரண்டு தடவை பார்த்தேன். பிழை இல்லை. 9232க்குப் பிறகு இறங்கத் தொடங்கி, 111ஆவது படியில் 1. அம்மா விளக்கைக் குறைக்கச் சொல்லி மூன்றாம் முறை கூப்பிட்டது நினைவிருக்கிறது.

அடுத்த நாள் என் பக்கத்தில் இருந்த தோழி 54 படியில் முடித்துவிட்டதாகச் சொன்னாள். இரண்டு பேரும் கொப்பியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தோம். 44ஆவது படி வரைக்கும் இருவருக்கும் ஒன்றுதான். 45ஆவதில், 167ஐ மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டி 502 என்று எழுத வேண்டிய இடத்தில் அவள் 512 என்று எழுதியிருந்தாள். 512 என்பது 2ஐ ஒன்பது முறை பெருக்கினால் வருவது, ஆகவே பாதி, பாதி, பாதி என்று நேரே சறுக்கிக்கொண்டு போய் 1இல் நின்றுவிட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ரீச்சர் கொப்பியை வாங்கிப் பார்த்தார், சிவப்புப் பேனையால் கீறவில்லை. "பிழை விட்ட பிறகும் உனக்கு 1 தானே வந்தது? அதுதான் பிள்ளை கேள்வியே. எங்க நிண்டாலும் ஏன் எல்லாம் அங்க போய் விழுது?" என்றார்.

அந்தக் கணக்குக்குக் கொலாட்ஸ் ஊகம் என்று பெயர் என்பதும், லோதர் கொலாட்ஸ் என்ற ஜெர்மானியர் 1930களில் யோசித்தது என்பதும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. இன்றைக்குக் கணினிகளால் 2ஐ 71 முறை பெருக்கி வரும் எண், அதாவது 22 இலக்கங்கள் கொண்ட எண், அது வரைக்கும் சரி பார்த்திருக்கிறார்கள். எல்லாம் 1க்குத்தான் வருகின்றன. ஆனால் அதற்கு அங்கால் ஒரே ஒரு எண் அடங்காமல் திரியாது என்று நிறுவ ஒருவராலும் முடியவில்லை. 2019இல் டெரன்ஸ் தாவ் ஏறக்குறைய எல்லா எண்களும் வெகு தூரம் கீழே இறங்கிவிடும் என்று நிறுவினார். அந்த "ஏறக்குறைய"வை எடுத்துவிட இன்னும் வழியில்லை.

அந்தக் கிழமையே ரீச்சர் எங்கள் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஏழு கேள்விகளை எழுத வைத்தார். கொலாட்ஸ் முதலாவது. விடை தெரிந்தால் வந்து சொல்லுங்கோ, எத்தனை வருசமானாலும் பரவாயில்லை என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால், யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு ஊரோடு வெளிக்கிட்டபோது அந்தக் கொப்பி வீட்டிலேயே நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது கொப்பி, புத்தகம் ஒன்றும் இல்லை. ஆனால் கேள்விகள் மறக்கவில்லை. கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் ஒரு தாளில் திரும்ப எழுதிப் பார்த்தேன், ஆறு வந்தது. ஏழாவது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அந்த ஆறையும் இந்த முப்பது வருடமாக, உறவினர்களின் சுகம் விசாரிப்பதுபோல, அப்பப்போ விசாரித்துக்கொண்டே வருகிறேன். பெர்மாவின் கடைசித் தேற்றம் அந்தப் பட்டியலில் இருந்தது: இரண்டு முழு எண்களின் மூன்றாம் அடுக்கையோ அதற்கு மேற்பட்ட ஒரே அடுக்கையோ கூட்டினால், இன்னொரு முழு எண்ணின் அதே அடுக்கு ஒருபோதும் வராது என்பது. ரீச்சர் அதை விடை இல்லாத கேள்வி என்று எழுதித் தந்தபோது, 1993 யூனிலேயே அன்ட்ரூ வைல்ஸ் கேம்பிரிட்ஜில் அதை நிறுவிவிட்டதாக அறிவித்திருந்தார், எங்களுக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை. ஒரு வகையில் ரீச்சர் சொன்னதும் சரிதான், ஏனென்றால் அந்த நிறுவலில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அதை 1994 செப்ரெம்பரில்தான் அடைத்தார். நாங்கள் எழுதிய நாளில் அது உண்மையிலேயே முடியாத கணக்கு.

8உம் 9உம். 8 என்பது 2ஐ மூன்று முறை பெருக்கியது, 9 என்பது 3இன் வர்க்கம். இப்படி அடுக்கு எண்கள் இரண்டு அடுத்தடுத்து நிற்பது வேறெங்காவது உண்டா? 1844இல் கத்தலான் கேட்டது. இல்லை என்று 2002இல் பிரேடா மிஹைலெஸ்கு நிறுவினார். அன்றைக்கு அந்தத் தாளை எடுத்து இரண்டாவது சரி போட்டேன். இதைத் தேடிப் படிக்கும்போதுதான், குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை என்ற கணிதவியலாளர் கேட்ட பெரிய கேள்வி தெரிய வந்தது: இடைவெளி 1 மட்டுமல்ல, 2, 3, எதுவாக இருந்தாலும் அந்த இடைவெளியில் நிற்கும் அடுக்கு எண் சோடிகள் எண்ணி முடிக்கக்கூடிய அளவுதானா? 25உம் 27உம் போல. அது இன்னும் திறந்தபடியே இருக்கிறது. பிள்ளை 1950இல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் இறந்துபோனார். அதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

கோல்ட்பாக் 1742இல் ஓய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்த கேள்வி எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: 2ஐவிடப் பெரிய எந்த இரட்டை எண்ணையும் இரண்டு முதன்மை எண்களின், அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்களின், கூட்டலாக எழுத முடியுமா? 100ஐ எத்தனை விதமாக எழுதலாம் என்று நாங்கள் வகுப்பில் போட்டி வைத்தோம். 3+97, 11+89, 17+83, 29+71, 41+59, 47+53, ஆறு விதம். 4க்குப் பின் 18 பூச்சியம் வரை சரி பார்த்தாயிற்று, நிறுவல் இல்லை. 5ஐவிடப் பெரிய ஒற்றை எண்களை மூன்று முதன்மை எண்களாக எழுதலாம் என்பதை மட்டும் 2013இல் ஹெல்ஃப்கொட் முடித்துவைத்தார். என் தாளில் அதற்கு அரைச் சரி.

எனக்கு மிகவும் பிடித்தது இரட்டை முதன்மை எண்கள். 11உம் 13உம், 17உம் 19உம், 29உம் 31உம் என்று இரண்டு வித்தியாசத்தில் வரும் சோடிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா? இதிலும் 2013இல்தான் அசைவு வந்தது. யிதாங் ஜாங் என்ற சீனர், அமெரிக்காவில் முனைவர் பட்டம் எடுத்தும் பல வருடம் பல்கலைக்கழக வேலை கிடைக்காமல் கணக்கு எழுதியும் சாண்ட்விச் கடையில் நின்றும் பிழைத்தவர், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஏழு கோடிக்குள் ஒரு இடைவெளியில் முதன்மை எண் சோடிகள் முடிவில்லாமல் வரும் என்று நிறுவினார். ஏழு கோடி எங்கே, இரண்டு எங்கே என்று கேட்கலாம். அதற்கு முன்பு எந்த எல்லையும் இல்லை, அதை நினைத்துப் பாருங்கள். ஒரு வருடத்துக்குள் மற்றவர்கள் சேர்ந்து அதை 246ஆகக் குறைத்துவிட்டார்கள். இந்த மலரைப் படிக்கிற எத்தனையோ பேர் ஊரில் படித்த படிப்பை மடித்து வைத்துவிட்டு இங்கே இரவு வேலைக்குப் போனவர்கள், நானும் தொழிற்சாலையில் இரண்டு வருடம் நின்றேன். ஜாங்கின் கதையைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

ஆறாவது, 6, 28 போன்ற எண்களைப் பற்றியது. 6இன் காரணிகள், 6ஐ விட்டுவிட்டால், 1, 2, 3, கூட்டினால் 6. 28க்கு 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இப்படித் தன் காரணிகளின் கூட்டலாகவே இருக்கும் ஒற்றை எண் ஒன்று உண்டா? கிரேக்கர் காலத்து எண்கள் இவை, இன்னமும் தெரியாது. இருந்தால் அது 1500க்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்டதாக இருக்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

ஏழாவது போன கோடையில் கிடைத்தது. 512 என்று எழுதியவள் இப்போது லண்டனில் இருக்கிறாள். ரீச்சரின் செத்தவீட்டுச் செய்தியைச் சொல்லத்தான் எடுத்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு நான் அந்தப் பட்டியலைக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "இராமானுஜன்ரை கணக்கடி" என்றாள்.

1இலிருந்து 4 வரை பெருக்கினால் 24, ஒன்று கூட்டினால் 25, அது 5இன் வர்க்கம். 5 வரை பெருக்கினால் 120, ஒன்று கூட்ட 121, அது 11இன் வர்க்கம். 6 வரை பெருக்கினால் வராது. 7 வரை பெருக்கினால் திரும்ப வரும். அதைத் தாண்டியும் எங்காவது வருமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறகு நூறு கோடியையும் தாண்டித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. பிரான்சில் புரோக்கார் 1876இல் கேட்டது, அதை அறியாமலோ என்னவோ இராமானுஜன் 1913இல், இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதற்கு முந்தைய வருடம், இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் வாசகர்களுக்கான கேள்வியாகப் போட்டார். அதே வருடம் அங்கே அவர் கேட்ட இன்னொன்று, 2இன் அடுக்குகளில் 7ஐக் கழித்தால் எப்போது வர்க்கம் வரும் என்பது. 8, 16, 32, 128, 32768 ஆகிய ஐந்துக்கும் மட்டுந்தான் என்று 1948இல் நாகெல் என்ற நோர்வேக்காரர் நிறுவிவிட்டார். மற்றது அப்படியே கிடக்கிறது.

"7 வரைக்கும் பெருக்கினா 5040, ஒண்டு கூட்ட 5041. அது 71இன் வர்க்கம் எண்டு ரீச்சர் சொன்னவா, சரிதானே?" என்று கேட்டாள். கையிலிருந்த கடித உறையின் பின்பக்கத்தில் 71ஐ 71ஆல் பெருக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் அவளும் பெருக்குகிறாள் என்று பேனைச் சத்தத்தில் தெரிந்தது. "5041" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.