டிக்கியில் தசாவதாரம், டேங்கில் டூ-டி ஆயில்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வரும் கார். பின் சீட்டில் ஒரு துணிப்பை. பைக்குள் இரண்டு பாட்டில்கள், உள்ளே தேன் நிறத்தில் ஏதோ ஒரு திரவம். எல்லையில் வண்டி சோதிக்கும் காவலருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு பாட்டிலை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்ன சார் இது?"

"வண்டிக்கு சார். டீசல்ல கலக்கிறது."

"எதுல வேணா கலந்துக்கோங்க சார். சரக்கு என்னன்னுதான் கேக்கிறேன்."

நான் பதில் சொல்வதற்குள் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டார். வேப்பெண்ணெய் குடித்த குழந்தையின் முகம் ஆகிவிட்டது அவர் முகம். மூடியைத் திருகிக் கையில் கொடுத்தவர் போகச் சொல்லவில்லை. ஜன்னலில் சாய்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "மைலேஜ் ஏறுதா சார்?" என்றார். தன் பைக்கின் பெட்ரோல் டேங்கில் பாச்சை உருண்டை போட்டுப் பார்த்த கதையைச் சொன்னார். ஏறியதா என்று கேட்டேன். "பூச்சி வரல" என்றார்.

நானும் யோக்கியன் இல்லை. வேலை புதுச்சேரியில், வீடு மஞ்சக்குப்பத்தில். போக வர ஒரு நாளைக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் டீசலும் நம் பக்கத்தைவிட விலை குறைவு. எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டித்தான் டேங்கை நிரப்புவது என்பது எங்கள் ஊரில் குலதெய்வ வழிபாடு மாதிரி. அப்படி மிச்சம் பிடித்த காசில்தான் இந்தப் பாட்டில்களை வாங்கியிருந்தேன்.

வண்டி 2012 மாடல் டிசையர் டீசல். 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் காரே விடுவதில்லை என்று நிறுத்திவிட்டது. ஆகவே இதை நாங்கள் வீட்டுப் பெரியவர் போலப் பார்த்துக்கொள்கிறோம். பெரியவருக்கு டானிக் வேண்டும் என்று ஆரம்பித்தவன் என் மச்சினன். அவன் சிபாரிசு நீல லேபிள் பாட்டில். கடைக்காரர் சிபாரிசு சிவப்பு லேபிள். "இதெல்லாம் எதுக்கு சார், ஒரு டேங்குக்கு நூறு மில்லி டூ-டி ஆயில் ஊத்துங்க, இன்ஜின் பாட்டு பாடும்" என்றது திருப்பாதிரிப்புலியூர் மெக்கானிக் அண்ணன். டூ-டி என்றால் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பெட்ரோலோடு கலக்கிற எண்ணெய்.

என் அப்பா அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று கட்சியையும் கேட்டுவிட்டு, "டீசல்ல டீசலைத் தவிர எதைப் போட்டாலும் அதுக்குப் பேரு கலப்படம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

சரி, சோதித்தே பார்ப்போம் என்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பங்க், ஒரே பம்ப், நாசில் தானாக நிற்கும் வரை. முதல் டேங்கில் எதுவும் கலக்கவில்லை: 614 கிலோமீட்டர், 32 லிட்டர், லிட்டருக்கு 19.2. அடுத்தது மச்சினனின் நீலம்: 19.6.

அன்று இரவு மச்சினன் போனில் பேசியதைக் கேட்டிருந்தால் நோபல் கமிட்டியே வெட்கப்பட்டிருக்கும். "நான்தான் சொன்னேன்ல மாமா! சீட்டேன் மாமா, சீட்டேன்!"

அவன் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தி அழுத்திச் சூடேறிய காற்றில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். எவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது என்பதற்கான அளவுதான் சீட்டேன் எண். அதைக் கூட்டுவதற்கென்றே சில ரசாயனங்கள் உண்டு, பல பாட்டில்களில் இருப்பதும் அதுதான். கூடவே இன்ஜெக்டர் துளையில் படியும் கரியைக் கழுவ ஒரு சோப்புச் சமாச்சாரம். ஆனால் நம் பங்க்கில் வரும் பிஎஸ்6 டீசலுக்கே, அதாவது இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசலுக்கே, சீட்டேன் 51க்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுகிற மாதிரி. கரி கழுவும் வேலையும் ஒரே டேங்கில் முடிகிற வேலை இல்லை. நீல லேபிளில் இன்னொரு பெருமையும் அடித்திருந்தார்கள்: கடுங்குளிரிலும் டீசல் உறையாதாம். கடலூரில் மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் உறைந்தாலே நாங்கள் மப்ளரைத் தேடுகிறவர்கள்.

அப்பாதான் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "நொரை அடங்கினப்புறம் ஊத்துனானா, நொரையோட நிறுத்திட்டானா?"

டீசல் நுரைக்கும். நுரை நாசிலைத் தொட்டாலே அது நின்றுவிடும். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 32 லிட்டரில் ஒரே ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆனாலும் போதும், அதே 614 கிலோமீட்டருக்கு 19.8 என்றும் வரும், 18.6 என்றும் வரும். மச்சினனின் 19.6 அந்த நுரைக்குள்ளேயே இருந்தது. அவனிடம் சொல்லவில்லை. பாவம், சந்தோஷமாக இருந்தான்.

சிவப்பு லேபிள் டேங்குக்கு நேரம் சரியில்லை. சிதம்பரத்தில் கல்யாணம், வண்டியில் ஐந்து பேர், ஏசி, மழை, வரும் வழியில் சீர்ப்பலகாரம். 18.7.

அப்புறம் மெக்கானிக் அண்ணன் முறை. ஆயில் ஊற்றும் முன் அவர் ஒரு காரியம் செய்தார், அது எனக்குப் பிடித்திருந்தது. தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பாதியில் வெட்டி டீசல் ஃபில்டருக்கு அடியில் பிடித்து, கீழே இருந்த திருகைத் தளர்த்தினார். கொழகொழவென்று கொஞ்சம் இறங்கியது. பாட்டிலை வெயிலில் வைத்து இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தார். அடியில் கட்டைவிரல் உயரத்துக்குத் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது, மேலே டீசல், நடுவில் கோடு கிழித்த மாதிரி. "டானிக் கொடுக்கிற முன்னாடி பேதிக்குக் கொடுக்கணும் சார்" என்றார். அதன் பிறகுதான் டூ-டி ஆயில். டீசலில் கந்தகத்தைக் குறைத்த பிறகு வழவழப்பு போய்விட்டது, பம்ப் தேயும், அதனால் எண்ணெய் விட வேண்டும் என்பது அவர் கட்சி. வழவழப்பு குறைவது நிஜம்தான். அதைச் சரிக்கட்டித்தான் டீசலை விற்க வேண்டும் என்று அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு என்றேன். அவர் காதில் விழவில்லை. என்னுடையது பழைய வண்டி, போகட்டும். பிஎஸ்6 டீசல் கார் வைத்திருப்பவர்கள் ஆசைப்படாதீர்கள். அதில் புகை போகும் வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது, எரிந்த எண்ணெயின் சாம்பல் போய் அங்கேதான் அடையும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பண்ருட்டியில் பொம்மை வாங்கக் கூட்டிப்போனாள். தசாவதாரம் ஒரு செட், செட்டியார் தம்பதி ஒன்று. வைக்கோல் சுற்றி டிக்கியில் அடுக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்கிறோம், அம்மா கதவை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"மகாளய பட்சம் பொறந்தாச்சு. புதுப் பொம்மைய அமாவாசை வரைக்கும் உள்ள எடுத்துட்டு வரக்கூடாது."

"அப்ப எங்கம்மா வைக்கிறது?"

"இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்."

ஆக, மகாவிஷ்ணு பத்து அவதாரங்களோடும் இரண்டு வாரம் என்னோடு ஆபீஸ் வந்தார். முதல் நாள் கிருமாம்பாக்கத்தில் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். பின்னாலிருந்து 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். ஓரம் கட்டித் திறந்து பார்த்தால் வாமனரின் குடை கழன்று பரசுராமர் மடியில் கிடக்கிறது. மனைவிக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். பதில் வரவில்லை. நீலக் குறி மட்டும் வந்தது.

அதற்கப்புறம் நான் ஓட்டியதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஐம்பதைத் தாண்டவில்லை. தவளக்குப்பத்தில் டவுன் பஸ் என்னை முந்தியது. அரியாங்குப்பத்தில் மீன் கூடை கட்டிய மொபெட் முந்தியது. மரப்பாலம் சிக்னல் தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிடுவேன், வண்டி தானாக ஊர்ந்து போய் நிற்கும். பிரேக்கை மிதிப்பதில்லை, தடவினேன். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் கையை மட்டும் காட்டினேன். 'டிக்கியில் நரசிம்மர்' என்று எத்தனை பேரிடம் விளக்குவது?

அமாவாசையன்று நிரப்பினேன். நுரை அடங்கும் வரை நின்று நிரப்பினேன். 600 கிலோமீட்டர், 26.8 லிட்டர். 22.4!

மெக்கானிக் அண்ணன் அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக் கொடுத்து நான் குடித்த ஒரே டீ அதுதான். மச்சினன் விடுவானா? "அது நம்ம நீலத்தோட எஃபெக்ட் மாமா, லேட்டாதான் தெரியும்" என்றான். அம்மா பெருமாள் கிருபை என்றாள். அப்பா மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எங்க டிப்போல ஒவ்வொரு டிரைவருக்கும் கேயெம்பிஎல், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு, எழுதி வைப்பான். ஒரே பஸ்ஸு, ஒரே ரூட்டு, ஒரே டீசல். நம்பர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்" என்று சொல்லிவிட்டு என் வலது காலைப் பார்த்தார். செருப்பைப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.

கொலுப்படியில் பொம்மைகள் ஏறிய பிறகு, அதே நூறு மில்லி டூ-டி ஆயிலோடு இன்னொரு டேங்க் ஓட்டினேன். காலையில் தாமதம், சாயங்காலம் அவசரம், நம் வழக்கம்தான். 19.3. மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது ஆயில் கம்பெனியை மாற்றச் சொன்னார்.

மிச்ச ஆயிலை அப்பா எடுத்துப்போய் வாசல் கேட்டின் கீலுக்கு விட்டார். இருபது வருஷமாகத் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்த கேட் அது. இப்போது மூச்சு விடுவதில்லை. அந்த ஆயிலால் எங்கள் வீட்டில் கண்கூடாகத் தெரிந்த முன்னேற்றம் அது ஒன்றுதான்.

நவராத்திரி முடிந்து பொம்மைகளைப் பரணில் ஏற்றும்போது என் மனைவி செட்டியாரை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். மறுநாள் காலை பார்த்தால் அவர் முன்சீட்டில், துண்டு சுற்றி, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் அரிசி, பருப்பு, தராசு.

"இது எதுக்கு?"

"ஒடைச்சீங்கன்னா தெரியும்."

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'என்ன கலந்தது' என்று நான் போட்ட கட்டத்தில், நேற்று அவள் கையெழுத்தில் ஒரு வரி ஏறியிருக்கிறது: செட்டியார், 21.7.