அறுபதுக்குப் பிறகு பச்சை குத்திக்கொண்டேன்

பச்சை குத்திக்கொள்ள ஆசைப்படும் இளைஞர்களிடம் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "வயதான பிறகு அது பார்க்க எப்படி இருக்கும்?" என்பதுதான். அறுபதைக் கடந்தபின் கையை நீட்டிய எனக்கு அந்தக் கவலையே இல்லை. வயதான தோல் எப்படி இருக்கும் என்பதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவன் நான்.

ஆனால் தோலைப் பற்றிய வேறு கவலைகள் இருந்தன. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். முன்னது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும், பின்னது ஊசி படும்போது இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால், முதலில் மருத்துவரைத்தான் பார்த்தேன். சர்க்கரை அளவு கட்டுக்குள் இருப்பதை உறுதி செய்துகொண்ட அவர், இதற்காக மாத்திரையை நானாக நிறுத்திவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, அதன் பிறகே சம்மதித்தார்.

பச்சை குத்துபவர் என் முன்கைத் தோலை இரு விரல்களால் இழுத்து, விட்டு, அது மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புவதைக் கவனித்தார். மேல்தோல் உதிர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருப்பது. அதனால் அதற்குக் கீழே, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள அடித்தோலில்தான் மை நிற்க வேண்டும். வயது கூடக்கூட அந்த அடுக்கு மெலிந்துவிடுவதால், ஊசி சற்று ஆழமாக இறங்கினாலும் மை பரவிக் கோடு கலங்கிவிடும் என்று விளக்கினார். நான் கொண்டுபோயிருந்த இலைக்கிளைப் படத்தில் மயிரிழை போன்ற நரம்புகள் நிறைய இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை நீக்கி, இலைகளைப் பெரிதாக்கி, நடுவே இடைவெளி விட்டு வரைந்து தந்தார். என் படத்தைவிட அதுவே அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உறை பிரிக்காத புது ஊசியை என் கண்ணெதிரே பிரித்து மாட்டினார். வலி பொறுக்கக்கூடியதுதான், மணிக்கட்டை நெருங்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டேன். உண்மையில் பொறுமையைச் சோதித்தது, பின்னால் வந்த அரிப்பு. மெல்லிய சோப்பால் கழுவுவது, ஒற்றித் துடைப்பது, களிம்பை மிக மெல்லியதாகத் தடவுவது, வெயிலிலும் நீச்சல் குளத்திலும் கையைக் காட்டாமலிருப்பது எல்லாம் எளிது. கருமை கலந்த செதில்கள் உரியும்போது சொறியாமல் இருப்பதுதான் கடினம். இளையவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களில் ஆறுவது எனக்குக் கூடுதலாக நாள் எடுத்தது.

"இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். பிடித்திருந்தது, குத்திக்கொண்டேன் என்பதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பின்னால் வருத்தப்பட்டால் என்ன செய்வாய் என்று என் அக்கா கேட்டபோது, லேசர் சிகிச்சையில் கருப்பு மை மற்ற நிறங்களைவிட எளிதாக மங்கும் என்றும், அதற்கும் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் தேவைப்படும், முழுவதும் மறையும் என்ற உறுதியும் கிடையாது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அக்கா, கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு பூவும் இருந்திருக்கலாமே என்றார்.