ஜெர்மன் வார்டில் தலையும் கண்ணும் பேசும் பேச்சு

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வருகிறவர்கள் ஊரில் விழுந்து விழுந்து படிப்பது மொழியைத்தான். பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்ச்சி நிலை இல்லாமல் பொதுவாக இங்கே முழு நர்ஸாக அங்கீகாரம் கிடைக்காது. அதனால் மாதக்கணக்கில் டெர், டீ, டாஸ் என்று மனப்பாடம் செய்கிறோம். அது வேண்டியதுதான். ஆனால் வார்டுக்குள் கால் வைத்த பிறகு இலக்கணத்தைவிட அதிகம் தடுமாற வைப்பது நம் தலையும் கண்ணும் சிரிப்பும்தான். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எங்கள் குழுவில் பலருக்கு ஆரம்ப மாதங்கள் லேசாகப் போயிருக்கும்.

முதலில் தலை. நாம் தலையை லேசாக இப்படியும் அப்படியும் சாய்த்தால் அதற்குள் 'சரி', 'புரிகிறது', 'மேலே சொல்லுங்கள்' எல்லாம் அடங்கிவிடும். இங்கே மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம், பக்கவாட்டில் திருப்பினால் இல்லை, அவ்வளவுதான். சாய்க்கிற தலை அவர்களுக்குத் தயக்கமாகத் தெரிகிறது. ரவுண்ட்ஸில் டாக்டர், "காலையில் இன்சுலின் போட்டாயிற்றா?" என்று கேட்கிறார். நாம் தலையைச் சாய்க்கிறோம். அவர் உடனே, "போட்டாயிற்றா, இல்லையா?" என்று திரும்பக் கேட்கிறார். குரலில் கோபம் இருக்காது. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. வாயைத் திறந்து 'யா' என்றோ 'நைன்' என்றோ சொன்னால் விஷயம் முடிந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல், புரியாமலே ஆட்டுகிற தலை. மூத்தவர் பேசும்போது குறுக்கே கேட்காதே, கண்ணைப் பார்த்துப் பேசாதே என்று சொல்லித்தான் நம்மை வளர்க்கிறார்கள். நர்சிங் காலேஜிலும் அதே பழக்கம்தான். திருப்பிக் கேட்டால் கவனிக்கவில்லை என்று பெயர். இங்கே அப்படியே தலைகீழ். புதிதாக வந்தவர் ஷிஃப்ட் முழுக்க ஒன்றுமே கேட்கவில்லை என்றால் கூட வேலை செய்கிறவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டால் எதையோ மறைக்கிறார் என்று நினைக்கிறார்கள். யாராவது திருத்தும்போது கூச்சத்தில் நாம் சிரித்தால், விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது. நம் பணிவு அவர்கள் கண்ணுக்குப் பணிவாகப் படுவதே இல்லை.

இந்தப் பக்கம் ஹாம் ஊரில் 2002ஆம் ஆண்டு குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் கட்டிய பெரிய கோயில். அங்கே பழக்கமான யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். என் கதையை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "பிள்ளை, விளங்கேல்லை எண்டால் திருப்பிக் கேளும். அவையள் கோவிக்க மாட்டினம். கேக்காமல் செய்தால்தான் கோவிப்பினம்." எந்த வகுப்பிலும் எனக்கு இவ்வளவு உருப்படியான பாடம் கிடைக்கவில்லை.

போன் இன்னொரு சோதனை. முகம் தெரியாது, கை தெரியாது, குரல் மட்டும். எடுத்ததும் வார்டின் பெயரையும் நம் குடும்பப் பெயரையும் சொல்ல வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருக்கும் அப்பா பெயர்தான் அந்த இடத்தில் உட்காரும். நோயாளிகள் நாள் முழுக்க என் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். கேட்கும்போது மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

அப்புறம் எண்கள். ஜெர்மனில் நாற்பத்தைந்தை 'ஐந்தும் நாற்பதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். நம் காதோ முதலில் வருவதைப் பத்தாம் இடத்தில் போட்டுப் பழகியது. லேபிலிருந்து ஒருவருடைய பிளேட்லெட் 45 ஆயிரம் என்று போனில் சொல்லும்போது, பாதி கேட்டதுமே எழுத ஆரம்பித்தால் தாளில் 54 விழுந்துவிடும். முழு எண்ணும் முடியும்வரை தாளில் பேனாவை வைக்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு இலக்கமாக, "நான்கு, ஐந்து, சரிதானே?" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் மூன்றும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால் ஜெர்மன்காரர்களே போனில் இரண்டை 'ட்ஸ்வோ' என்று மாற்றிச் சொல்கிறார்கள். அவர்களுக்கே அந்த எச்சரிக்கை இருக்கும்போது நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நான் இருப்பது மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதி. நிலக்கரியால் வளர்ந்த ஊர்கள். பொட்ரோப்பில் கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது. அதில் உழைத்த தலைமுறை இப்போது எங்கள் கட்டில்களில் படுத்திருக்கிறது. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாத மனிதர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்றால் 'முஸ்' என்பார்கள், ஓடித்தானே ஆகணும் என்கிற மாதிரி. டிமென்ஷியா என்ற மறதி நோயும் சேர்ந்துவிட்டால், வலி 0 முதல் 10க்குள் எவ்வளவு என்ற நம் கேள்விக்குப் பதிலே வராது.

இப்படிப்பட்டவர்களுக்காக பெஸ்ட் (BESD) என்று வலியை அளக்கும் ஓர் அளவுகோல் இங்கே இருக்கிறது. இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்று ஐந்து விஷயங்களைக் கவனிக்க வேண்டும்: மூச்சு, முனகல், முகம், உடம்பு, ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்த ஒரு தாத்தாவை இரவு ஷிஃப்டில் புரட்டிப் படுக்க வைத்தோம். அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் இரண்டு கையும் முஷ்டியாக இறுகியிருந்தன. பார்வையில் பயம். மூச்சு நடுநடுவே தடைப்பட்டது. தோளில் கை வைத்து மெதுவாகப் பேசியதும் கொஞ்சம் தளர்ந்தார். மூச்சுக்கு 1, முனகலுக்கு 0, முகத்துக்கு 1, உடம்புக்கு 2, ஆறுதலுக்கு 1. மொத்தம் 5.

டாக்டருக்குப் போன் செய்து, யார் பேசுகிறேன், என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும் என்ற வரிசையில் சொன்னேன். 'தாத்தாவுக்கு வலி போல இருக்கிறது' என்று இழுக்காமல், இறுகிய முஷ்டியையும் 5 என்ற எண்ணையும் சொல்லி, அடுத்த முறை புரட்டுவதற்கு முன்பே வலி மருந்து வேண்டும் என்று நேராகக் கேட்டேன். எழுதிக் கொடுத்தார். என் ஜெர்மன் அன்று அவ்வளவு சுத்தமாக இல்லை. விஷயம் சுத்தமாக இருந்தது.

தொடுவதற்கும் இங்கே ஒரு முறை உண்டு. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், "இப்போது உங்களை இடது பக்கம் திருப்பப் போகிறேன்" என்று சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும். நினைவு தப்பியவரானாலும் சொல்ல வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்துப்போன பழக்கம். நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் எல்லோரும் இப்படிச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வரப்போகிற தம்பி தங்கைகளே, பி2 வகுப்போடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் முதுகைத் திருப்பி உட்காருங்கள். ஒருவர் லேப், ஒருவர் வார்டு. ஒருவர் ஜெர்மனில் எண்களைச் சொல்ல, மற்றவர் எழுதித் திருப்பிச் சொல்லட்டும். அது கைவந்ததும், ஒரு நோயாளியின் நிலையை, நான் டாக்டரிடம் போனில் சொன்ன அந்த ஐந்து படி வரிசையில் ஒரே நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். முதலில் தமிழிலேயே சொல்லிப் பழகுங்கள். தமிழில் வரிசை பிடிபட்டால் ஜெர்மனில் வார்த்தைகளை மட்டும் தேடினால் போதும்.