தொழில்: தையல்

எங்கள் ஊர்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் போன வாரம்தான் என் பெயர் ஏறியது. ஒரு மாதத்தில் முடியும் என்றார்கள். நாலரை மாதம் இழுத்தது. அலைந்ததுகூடப் பரவாயில்லை, நடுவில் ஒரு நாள் வயிறு கலங்கியதே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்து (ஏ.ஆர்.டி.) எடுக்க ஆரம்பித்துப் பதினோரு வருடம். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவேன், மாத்திரையை நிறுத்தியவர்களை வீடு தேடிப் போய்க் கூட்டி வருவேன். பஸ் காசு கிடைக்கும், அவ்வளவுதான். எச்.ஐ.வி. உள்ளவர்கள் முடிவெடுக்கும் இடத்திலும் இருக்கிறார்களா என்று பணம் தருகிறவர்கள் கேட்டுவிட்டார்களாம், உடனே என் ஞாபகம் வந்திருக்கிறது. 1994இல் பாரிஸில் 42 நாடுகள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட விஷயம் இது. எங்கள் ஊருக்கு இப்போதுதான் பஸ் கிடைத்திருக்கிறது. சரி, வந்தவரைக்கும் லாபம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஆதார் நகல், போட்டோ எல்லாம் கொடுத்தாயிற்று. "அப்படியே ஏ.ஆர்.டி. புத்தகத்தோட முதல் பக்கமும் ஒரு ஜெராக்ஸ் அக்கா, ஃபைலுக்கு" என்றது அலுவலகத்துப் பெண். மற்ற ஆறு உறுப்பினர்களிடம் இரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்கினீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். நீங்களும் கொடுக்காதீர்கள், பதவிக்கும் அந்தப் புத்தகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் கூட்டத்தை நான் மருந்து வாங்கப் போகும் திங்கட்கிழமையில் வைத்தார்கள். சொல்லி மாற்றிக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்தத் தாள். பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் புதிய உறுப்பினர் பட்டியல்: பெயர், வயது, முகவரி, தொழில். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். கண் தற்செயலாகத் தொழில் கட்டத்தில் விழுந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர், விவசாயம், வழக்கறிஞர்... என் பெயருக்கு நேராக, 'எச்.ஐ.வி. உள்ளோர் பிரதிநிதி'.

அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒருவர் எங்கள் தெருக்காரர். என் பையன் பிளஸ் டூ படிக்கிறான். கை நடுங்கியது.

"பெருமையான விஷயம்தானேம்மா" என்றார் செயலாளர் சார். கெட்ட எண்ணம் கிடையாது அவருக்கு, யோசிக்கவே இல்லை. எழுத்தில் என் சம்மதம் இல்லாமல் என் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையிலும் இருக்கிறது சார் என்றேன். எங்களுக்கு அதைப் பாடம் எடுத்ததே அவருடைய நிறுவனம்தான்! குழுவிலிருந்த வழக்கறிஞர் அம்மா, "அவங்க சொல்றது சரி, கிழிச்சிடுங்க" என்றார். தீர்மானப் புத்தகத்திலும் அதே வரி இருந்தது. அதையும் விடவில்லை.

மறுபடி தட்டச்சு, மறுபடி ஏழு கையெழுத்து. ஒருவர் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மூன்று வாரம் போனது. கொண்டுபோய்க் கொடுத்தால், ஆதாரில் கணவர் இனிஷியல், தீர்மானத்தில் அப்பா இனிஷியல் என்று திருப்பி அனுப்பினார்கள். இது என் தப்பு. பெண்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு நாள் கூலி மிச்சமாகும். கூலி என்றதும் ஞாபகம் வருகிறது: கூட்டத்துக்கு வரும் நாளுக்கான ஈட்டுத்தொகையைச் சேரும்முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். எனக்கு இன்னும் "பார்க்கலாம்மா"தான்.

கடைசி முறை நானே கூடப் போனேன். தெருக்காரர்தான் சீட்டில் இருந்தார். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். என் வரியில் நின்றார்.

"தையலா? நம்ம தெருவுலயே இருக்கீங்க, தெரியாமப் போச்சே. லைனிங் ஜாக்கெட்டுக்கு எவ்வளவு வாங்குறீங்க?"

முந்நூறு என்றேன். முத்திரை குத்தினார்.